முப்பத்தொன்றாம் படகு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஸ்மிஜாவின் முன்னால் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டு இரண்டு மாதம் அவள் கண்ணில் படாமல் திரிந்தேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்த மூன்று பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மூன்று பேரும் சொன்னது ஒன்றேதான். அதுவும் எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று பகலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறவர்கள் அவசியம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேரளத்தில் குட்டநாடு வெள்ளத்தில் முழுகிக் கிடந்த மூன்றாவது நாள். ஆலப்புழையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் ஸ்மிஜா உட்கார்ந்திருந்தாள். கொச்சியில் ஒரு கம்பெனிக்காக சர்வரில் ஓடுகிற புரோகிராம்களை எழுதுவது அவள் வேலை. கூட டோமி இருந்தான். அதே கம்பெனியில் அவளுக்கு மூத்தவன், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தும் ரம்சீனா டீச்சர் போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் ஓடியது. பன்னும் பால் விடாத கட்டன்சாயாவும்தான் மூன்று வேளைக்கும்.

மாடியிலும் கூரையிலும் மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள் திறந்திருந்த வெப்சைட்டில் உதவி கேட்பார்கள். கடற்கரையிலிருந்து லாரிகளில் வள்ளங்களை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள், நாற்பது படகுகளோடு தண்ணீரில் இருந்தார்கள். ஒவ்வொரு படகிலும் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன். அதில் மூன்றே பொத்தான்கள். ‘வர்றேன்’, ‘ஏத்தியாச்சு’, ‘இறக்கியாச்சு’. ஈரக் கையோடு கண்ணை மூடிக்கொண்டுகூட அழுத்தலாம். கேட்பவரையும் படகையும் சேர்த்துவைப்பது ஸ்மிஜாவின் புரோகிராம்.

முதல் இரண்டு நாள் அது ஒவ்வொரு படகாகக் கேட்டது. ஒன்றாம் படகிடம் கேட்கும், பதில் வரும்வரை காத்திருக்கும், வராவிட்டால் இரண்டாம் படகு. ஒரு வீட்டுக்கு ஆள் கிடைப்பதற்குள் தண்ணீர் ஒரு படி ஏறிவிடும். அதைப் பார்த்துவிட்டு டோமி சொன்னான், “வீடு வீடா போய் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடறியாடி? மைக்கைப் பிடிச்சு எல்லாரையும் ஒரே நேரத்துல கூப்பிடு.”

அவன் சொன்னது சரிதான். மூன்றாம் நாள் காலையில் அவள் அதை மாற்றி எழுதினாள். இப்போது நாற்பது படகுகளுக்கும் கேள்வி ஒரே நொடியில் போகும். முதலில் ‘வர்றேன்’ சொல்கிற படகுக்கு வேலை. மீதி முப்பத்தொன்பது கேள்விகளையும் சர்வர் அங்கேயே துண்டித்துவிடும்.

அதில் ஒரு தவறு செய்திருந்தாள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தவறு. துண்டிப்பது என்றால் நம் காதை நாம் மூடிக்கொள்வது, அவ்வளவுதான். எதிரில் இருப்பவனுக்கு அது தெரியாது. பதினொரு மணிவாக்கில் ஒரே வீட்டு வாசலில் இரண்டு படகுகள் போய் நின்று, இரண்டு படகோட்டிகளும் அவளைப் போனில் பிடித்துத் திட்டினார்கள்.

டோமிக்குச் சிரிப்பு. “நீ கட் பண்ணினா உன் பக்கம்தான் கட்டு. அந்தப் பக்கம் பாவம், அவன் வந்துக்கிட்டேதான் இருப்பான்.”

‘வர வேண்டாம்’ என்று ஒரு தகவல் அனுப்பினால் தீர்ந்தது. இரண்டு வரி வேலை. சாயா குடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டாள்.

தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் மனம் வேலையில் இல்லை. காத்திருப்பவர்களின் வரிசையில் அவள் அப்பாவும் இருந்தார். சுகதன். அரசாங்கப் பயணிகள் படகில் முப்பது வருஷம் சுக்கான் பிடித்தவர். மனைவி போனபிறகு கைப்புழத்துருத்தில் தனியாக இருந்தார். கிளம்பி வரச்சொல்லி முந்தின வாரமே மகள் கெஞ்சியபோது, தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிற வயதா எனக்கு என்று சிரித்தவர், இப்போது மாடியறைக் கட்டிலின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். அவசியமென்றால் மட்டும் பேசுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

குழந்தைகளும் படுக்கையில் கிடப்பவர்களும் இருக்கும் வீடுகளுக்கு முதலில் படகு என்று விதி. விதியை எழுதியவள் அவளேதான். அப்பாவின் பெயர் ஏழெட்டு இடம் கீழே இருந்தது. டோமி சத்தமில்லாமல் மேலே தூக்கிவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாமென்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு, ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் அந்தப் பெயர் ஒரு இடம் மேலே வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முப்பத்தொன்றாம் படகு பதில் சொல்ல ஆரம்பித்தது.

முதல் பதிலைப் பார்த்து ஸ்மிஜாவுக்குச் சந்தோஷம். மற்ற படகுகள் பதில் சொல்ல ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆகும். போன் கோபுரங்கள் பாதி செத்துக் கிடந்தன. இந்தப் படகு உடனே சொல்லிவிட்டது. ஆள் புலியாக இருக்க வேண்டும் என்று ரம்சீனா டீச்சரிடம் சொன்னாள்.

அடுத்த வீட்டுக்கும் முப்பத்தொன்று.

அதற்கடுத்ததற்கும்.

ஏழு வீடுகள். ஏழுக்கும் அந்தப் படகுதான் முதல் பதில். மற்ற படகுகளின் கேள்விகள் அந்த நொடியே துண்டிக்கப்பட்டன. அவள் பதில் வந்த நேரத்தைப் பார்த்தாள். கேள்வி சர்வரைவிட்டு வெளியேறிய நேரத்தையும் பார்த்தாள்.

இரண்டும் ஒன்று.

கேள்வி போய்ச் சேருவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். சேர்வதற்கு முன்பே பதில் வந்திருந்தது.

“சேட்டா, இதைக் கொஞ்சம் பாருங்க.”

டோமி பார்த்தான். போனுக்குள் தண்ணீர் போய்ப் பொத்தான் தானாக அமுங்குகிறது என்று சொன்னான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படியானால் ஏழு வீட்டுக்கும் படகே போகவில்லை என்று அர்த்தம். ஏழு வீடுகளிலும் சேர்த்து முப்பத்தெட்டு உயிர்கள். ஸ்மிஜா உடனே போனை எடுத்தாள். முப்பத்தொன்றின் எண்ணைக் கூப்பிட்டாள்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

தண்ணீர்ச் சத்தம். படகின் பக்கப்பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம்… தளக்… தளக்… வேறொன்றுமில்லை. என்ஜின் சத்தம் இல்லை. மழைச் சத்தம்கூட இல்லை. வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

“ஹலோ? முப்பத்தொண்ணா? எங்க இருக்கீங்க?”

“வந்துட்டேன் மோளே,” என்றது ஒரு ஆண் குரல். நிதானமான குரல். அதற்கப்புறம் தண்ணீர் மட்டும். அவள் போனை வைக்காமல் மேசைமேல் கிடத்தினாள்.

அதற்குள் ரம்சீனா டீச்சர் நெடுந்தோட்டில் ஒரு வீட்டைப் பிடித்திருந்தாள். டோமி பள்ளிக்கரியில் ஒரு வீட்டை. ஸ்மிஜா இன்னொரு போனில் மூன்றாவது வீட்டை.

நெடுந்தோட்டுக்காரி அழுதுகொண்டே சொன்னாள், படகு வந்துவிட்டது என்று. ஒற்றை ஆள். மஞ்சள் மழைக்கோட்டு. இடது தோள் கிழிந்திருக்கிறது.

பள்ளிக்கரிக்காரரும் சொன்னார். படகு வந்துவிட்டது. மஞ்சள் மழைக்கோட்டு. தோள் கிழிசல்.

நெடுந்தோட்டுக்கும் பள்ளிக்கரிக்கும் நடுவில் பதினொரு கிலோமீட்டர்.

ஸ்மிஜா தன் போனில் இருந்த பெண்ணிடம் கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணே சொன்னாள். “படகுல ‘சமுத்ரதாரா’ன்னு பேரு எழுதியிருக்கு சேச்சி.”

டோமி தன் போனை ஸ்பீக்கரில் போட்டான். டீச்சரும் போட்டாள். ஸ்மிஜாவும்.

மூன்று போன்களிலும் ஒரே சமயத்தில் அந்தக் குரல் கேட்டது.

“பாத்து… காலை நடுவுல வை.”

படகில் ஏறுகிற எல்லோரிடமும் படகோட்டிகள் சொல்வதுதான். மூன்று ஊரில். ஒரே குரலில். ஒரே மூச்சில்…

பிறகு மூன்று போன்களும் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன.

டீச்சர் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தாள்.  படகுகளை அனுப்பிவைத்த கடற்கரைத் தேவாலயத்துக்கு டோமி போன்போட்டு, முப்பத்தொன்று யாருடையது என்று விசாரித்தான். பத்ரோஸ் என்று சொன்னார்கள். அவர் மனைவியின் எண்ணைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் எதற்கென்று கேட்டார். அதற்குள் டோமி அந்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தான்.

எமிலி என்று பெயர். குரல் அழுது அழுது கட்டிப்போயிருந்தது. சமுத்ரதாரா முதல் நாளே நீரோட்டத்தில் கவிழ்ந்துவிட்டது என்றாள். அந்தச் செய்தி இந்த அறைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பத்ரோஸின் உடல் இன்று காலையில்தான் கிடைத்ததாம். வீட்டில்தான் கிடத்தியிருக்கிறார்கள். அந்த மழைக்கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை, தோளில் கிழிந்திருக்கிறது என்றாள்.

“அவர் போன்?” என்று கேட்டான் டோமி.

“கழுத்துல மாட்டியிருந்தது. தண்ணி போயிடுச்சு. காயட்டும்னு அரிசி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். எதுக்குங்க?”

ஸ்மிஜா மேசையைப் பார்த்தாள்.

முப்பத்தொன்றுக்குப் போட்ட அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தளக்… தளக்…

அந்த முப்பத்தெட்டுப் பேருடைய போன்களும் இப்போது எட்டாத தூரத்தில் இருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. திரையில் ஏழு வீடுகளுக்கு நேரேயும் ‘ஏத்தியாச்சு’ விழுந்தது. ஏழும் ஒரே நொடியில். எங்கே ஏற்றிப்போகிறான்? கவிழ்ந்த படகில் ஏறியவர்கள் எந்தக் கரையில் இறங்குவார்கள்?  இதை அனுப்பியவள் அவள்தான். அவள் எழுதிய புரோகிராம்தான் நல்ல படகுகளையெல்லாம் துண்டித்துவிட்டு இவனை அனுப்பியிருந்தது.

அப்போதுதான் திரை மாறியது. எட்டாவது வீடு. நாற்பது படகுகளுக்கும் கேள்வி போனது. அதே நொடியில் பதில்.

சுகதன், கைப்புழத்துருத்து. முப்பத்தொன்று. ‘வர்றேன்’.

அவள் கத்தினாளாம். அவளுக்கு ஞாபகமில்லை, டீச்சர் சொன்னது. ஓடுகிற புரோகிராமுக்குள் கைவிட்டு அந்தக் கேள்வியைத் துண்டித்தாள். 4:52. முப்பத்தொன்றைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, மற்ற முப்பத்தொன்பது படகுகளுக்கும் மறுபடி கேள்வி அனுப்பினாள். பதில் இல்லை. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். ஆண்டவனே, யாராவது ஒருத்தன் பொத்தானை அழுத்து என்று வாய்விட்டுக் கெஞ்சினாள். கடைசியில் பன்னிரண்டாம் படகு ‘வர்றேன்’ என்றது. அது தூரத்தில் இருந்தது. ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஒரு மணி நேரம் அப்பா தாங்குவார். தாங்க வேண்டும்.

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அப்பா.

“மோளே, வள்ளம் வந்துடுச்சு.”

“என்ஜின் சத்தம் கேக்குதா அச்சா?”

“இல்ல… அதான் பாத்துக்கிட்டே நிக்கறேன். தண்ணி ஒழுக்கு இந்த வேகத்துல போகுது. கயிறு கட்டல, கழி ஊனல. வள்ளம் அசையாம நிக்குது. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல.”

“அச்சா, அதுல ஏறாதீங்க.”

“கை நீட்டறான்…”

“ஏறாதீங்க. என் மேல சத்தியம். அந்த ஆளு செத்துட்டான். வேற வள்ளம் அனுப்பியிருக்கேன், வந்துக்கிட்டிருக்கு.”

 மழை அப்பாவின் பக்கம் பெய்துகொண்டிருந்தது கேட்டது. அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

“சரி. உனக்குத்தான் தெரியும்,” என்றார் அப்பா. பிறகு போனை விலக்கிவைத்துக்கொண்டு வெளியே பார்த்துச் சொன்னார். “நீங்க போங்க. என் மோள் வேற அனுப்பியிருக்கா.”

அந்தக் குரல் பதில் சொன்னது. கோபமில்லாமல்.

“பரவாயில்ல. நான் நிக்கறேன்.”

அப்பாவின் போன் அணைந்தது. மேசையில் கிடந்த போனும் அதே நேரத்தில் அணைந்தது.

பன்னிரண்டாம் படகு ஆறே கால் மணிக்குக் கைப்புழத்துருத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வயல்பக்கத்துக் கரை ஐந்தரை மணிக்கே உடைந்திருந்தது. வீடு இருந்த இடத்தில் மாடிப்படி மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து மேலே ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது. படகோட்டிகள் இருட்டும்வரை கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் இல்லை. சுகதனின் உடல் அன்றைக்கும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் முகாம்களிலிருந்து தகவல் வர ஆரம்பித்தது.

நெடுந்தோட்டுக்காரி ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கரிக்காரர் ஒரு கோயில் படித்துறையில் இறக்கிவிடப்பட்டிருந்தார். மூன்றாவது வீட்டுப் பெண் பாலத்துக்குப் பக்கத்தில். ஏழு வீடு, முப்பத்தெட்டுப் பேர். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரையும் அந்த மஞ்சள் மழைக்கோட்டுக்காரர் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருந்தார். அவ்வளவு மழையிலும் வள்ளத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று பள்ளிக்கரிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். இறங்கும்போது படகோட்டி கேட்டது ஒன்றுதானாம், வேறு யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று.

ஸ்மிஜா அதைக் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏறியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். மகள் பேச்சைக் கேட்டவர் ஒருவர்தான் போனார். அவளுக்கு யாராலும் ஆறுதல் சொல்ல முடியவில்லை. டோமிகூட முயற்சி செய்யவில்லை. நாற்பதாம் நாள்வரை அவள் அழவே இல்லை, அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தண்ணீர் வடிந்து சில மாதம் கழித்து, அந்த சர்வரை அணைத்துவிடலாம் என்று டோமி உட்கார்ந்தான். அணைக்கும் முன் எல்லா வீடுகளின் பதிவையும் ஒரு முறை பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு அவளுக்குப் போன் செய்தான். வந்து நீயே பார் என்றான். குரல் சரியில்லை.

அவள் போனாள். திரையில் அப்பாவின் பெயர்.

‘வர்றேன்’. அதன் கீழே, துண்டிக்கப்பட்டது, 4:52.

அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. இருக்க வழியே இல்லாத வரி. துண்டித்த கேள்விக்கு வருகிற பதிலைக் கேட்க அந்தப் புரோகிராமில் யாரும் இல்லை. டோமி மூன்று தடவை அதை வரிக்கு வரி படித்துப் பார்த்துவிட்டான்.

முப்பத்தொன்று. ‘ஏத்தியாச்சு’. 5:31.

கரை உடைந்த பிறகு.

“நீ கட் பண்ணினது பத்ரோஸுக்குத் தெரியாதுல்ல,” என்றான் டோமி. அன்றைக்குச் சொன்ன அதே விஷயம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

ஏழு வீடுகளுக்கு நேரேயும் மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தன. வர்றேன், ஏத்தியாச்சு, இறக்கியாச்சு. அப்பாவுக்கு இரண்டு. மூன்றாவது கட்டம் காலி.

அன்றைக்கு அவள் சர்வரை அணைக்க விடவில்லை. கம்பெனி மாறினாள், கல்யாணம் ஆயிற்று, திருவனந்தபுரத்துக்குக் குடிபோனாள். சர்வரையும் கூடவே கொண்டுபோனாள். காலையில் பல் விளக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள் என்று அவள் கணவர் என்னிடம் சொன்னார். மழைக்காலத்தில் ராத்திரியிலும் எழுந்து பார்ப்பாளாம்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கும் காட்டினாள்.

‘இறக்கியாச்சு’ இன்னும் வரவில்லை.